கிணறு, சாணக்குழி, நெல் குடோன்: விஷவாயு பத்தி தோட்டத்துக்காரங்களும் கூலிக்குப் போறவங்களும் கேக்குற கேள்விங்க

சித்திரை, வைகாசி வந்தா பேப்பர்ல இந்த நியூஸ் எப்படியும் வந்துரும், கிணறு தூர்வார இறங்கின 3 பேர் பலி, மோட்டார் கழட்டப் போன அப்பா மகன் பலின்னு. அதை நல்லா படிச்சுப் பாத்தா, முதல் ஆளு வேலைக்காக இறங்கியிருப்பார், ரெண்டாவது மூணாவது ஆளுங்க அவரைத் தூக்கறதுக்காக இறங்கியிருப்பாங்க. இந்தப் பக்கம் முக்கியமா அந்த ரெண்டாவது ஆளுக்காகத்தான்.

கிணத்துக்குள்ள விஷவாயு எங்கருந்து வருது? நாம எதையும் கொட்டலையே?

நீங்க கொட்ட வேணாம், தானாவே உண்டாகும். எல குப்பை, செத்த எலி, பாசி, சேறு எல்லாம் கிணத்தோட அடியில கெடந்து மக்குது, மக்குறப்ப அங்க இருக்குற ஆக்சிஜனைத் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடை விடுது. இது சாதாரண காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால மேல ஏறி வெளிய போகாது, அண்டாவுக்குள்ள கஞ்சி தங்கின மாதிரி அடியிலயே தங்கிக்கும். காத்தே படாத சேத்துக்குள்ள மக்குனா ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் வரும். இதுபோக மண்ணுலயும் பாறை இடுக்குலயும் இருந்து ஆக்சிஜன் கம்மியான காத்து கசிஞ்சு வர்றதும் உண்டு.

இன்னொன்னு, பலபேரு விஷவாயுன்னா ஏதோ ஒரு வாயு உள்ள போயி ஆளைக் கொல்லுதுன்னு மட்டும் நெனைக்கிறாங்க. பல கிணத்துல நடக்குறது ஆக்சிஜன் இல்லாமப் போறதுதான். நாம மூச்சு விடுற காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்கு கீழ போனாலே அது இறங்கக்கூடாத இடம்னு கணக்கு. 16க்கு பக்கத்துல வந்தா யோசனை மந்தமாகும், 10க்கு கீழ போனா மயக்கம் வரும், 6 சதவீதத்துல ஒரு நிமிஷத்துக்குள்ளயே ஆளு சாஞ்சிருவார். கத்தி ஆளைக் கூப்பிடறதுக்குக்கூட நேரம் இருக்காது.

போன மாசம் இதே கிணத்துல இறங்கி வேலை பாத்துட்டு வந்தேனே, இப்ப மட்டும் எப்படி?

கிணத்துக் காத்து தினமும் ஒரே மாதிரி இருக்காது. மழைக்கு முன்னாடி, புயல் சின்னம் வர்றப்ப வெளிய காத்தழுத்தம் கொறையும், அப்ப மண்ணுக்குள்ள அடைஞ்சு கெடந்த காத்து கிணத்துக்குள்ள தள்ளிகிட்டு வரும். அழுத்தம் ஏறுனா திரும்ப உள்ள போகும். சும்மா கெடக்குற கிணறுகூட இப்படி மூச்சு விட்டுகிட்டுதான் இருக்கு.

கோடையில இன்னொரு சிக்கல் இருக்கு. மார்கழி, தை ராத்திரியில வெளிக்காத்து குளுந்து கனமாயி கிணத்துக்குள்ள எறங்கும், உள்ள இருந்தது மேல வரும், அதுவா கலந்துக்கும். சித்திரையில பகல் முழுக்க வெளிய அனல், உள்ள குளுமை, அதனால உள்ள இருக்குற காத்து அசையாம அப்படியே நிக்கும். நாம தண்ணி வத்திருச்சுன்னு தூர்வார இறங்கறது சரியா அந்த மாசத்துலதான்.

அதோட சேறு. மேல இருந்து பாத்தாலும் சரி, வாயு அளக்குற மீட்டர் வெச்சுப் பாத்தாலும் சரி ஒன்னும் தெரியாது, மம்பட்டிய போட்டு சேத்தைக் கிண்டுன உடனே அடியில சிக்கி இருந்த வாயு கொப்புளம் கொப்புளமா வெளிய வரும். "அரை மணி நேரம் நல்லாத்தானே வேலை செஞ்சுகிட்டு இருந்தான்"னு சொல்வாங்க பாருங்க, அது இதான்.

வெளக்கு ஏத்தி கயித்துல கட்டி இறக்கிப் பாக்கறது போதாதா? எங்க தாத்தா காலத்துல இருந்து அதான் பழக்கம்

வெளக்கு அணைஞ்சா கண்டிப்பா இறங்கக்கூடாது, அந்த அளவுக்கு தாத்தா சொன்னது சரி. ஆனா வெளக்கு எரிஞ்சா இறங்கலாம்னு அர்த்தம் இல்ல. ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வந்தாத்தான் மெழுகுவத்தி அணையும், அதுக்கு முன்னாடி, 19.5லயே அது இறங்கக்கூடாத இடம் ஆயிருக்கும். என்ஜின் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு 1,200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 1,200 பங்கு), அதாவது வெறும் 0.12 சதவீதம் இருந்தாலே உயிருக்கு ஆபத்துன்னு வெச்சிருக்காங்க, அந்த அளவுக்கெல்லாம் வெளக்கு அசையக்கூட செய்யாது, ஜம்முனு எரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் அதே கதைதான். மீத்தேன் இருந்தா வேற வினையே வேணாம், வெளக்கே வெடிக்கு திரி ஆயிரும். சாணக்குழி, செப்டிக் டேங்க், கோபர் கேஸ் (சாண எரிவாயு) தொட்டி பக்கம் வெளக்கு, தீக்குச்சி, பீடி எதுவுமே கூடாது.

நாத்தம் ஒன்னும் வரலையே, அப்ப வாயு இல்லன்னு தானே அர்த்தம்?

இல்ல. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் மூணுக்கும் வாசமே கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அதுவும் ரொம்ப கொஞ்சமா இருக்குறப்ப. 100 பிபிஎம் பக்கம் போனா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாமப் போயிரும். "மொதல்ல நாறுச்சு, அப்புறம் நாத்தம் போயிருச்சு, காத்து சுத்தமாயிருச்சு போல"ன்னு யாராச்சும் சொன்னா அந்த நிமிஷமே அவங்களை மேல ஏறச் சொல்லுங்க. 500க்கு மேல போனா சில நிமிஷத்துல ஆளு விழுந்துருவார், 1,000 பக்கம்னா ஒன்னு ரெண்டு மூச்சுலயே முடிஞ்சுரும்.

ஆயில் என்ஜினை கிணத்துக்குள்ள திட்டுல வெச்சு ஓட்டறோம், வேற வழி இல்ல. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையா பாப்போம், ஏன்னா அறியாமைல மட்டும் யாரும் இப்படி செய்யறது இல்ல, அவங்களுக்கு ஒரு நெருக்கடி இருக்கு. மேல இருந்து உறிஞ்சுற பம்பு எவ்வளவு ஆழத்துல இருந்து தண்ணி இழுக்க முடியும்ங்கறதுக்கு ஒரு எல்லை உண்டு. கணக்குப்படி சுமார் 34 அடி, பைப் உராய்வு, ஃபுட் வால்வ் கசிவு எல்லாம் போக நடைமுறையில 22ல இருந்து 25 அடி வந்தாலே பெருசு. தண்ணி அதுக்கும் கீழ போயிருச்சுன்னா என்ஜின் எத்தனை ஹெச்பியா இருந்தாலும் இழுக்காது. அதனால பம்பைக் கீழ கொண்டு போறாங்க, என்ஜினும் பம்பும் ஒரே செட்டா இருக்கறதால என்ஜினும் கூடவே கிணத்துக்குள்ள இறங்குது.

பெட்ரோல், மண்ணெண்ணெய்ல ஓடுற சின்ன என்ஜினோட புகையில கார்பன் மோனாக்சைடு சதவீதக் கணக்குல இருக்கும், அதாவது பல்லாயிரம் பிபிஎம். டீசல்ல கம்மிதான், ஆனா நாலு பக்கமும் சுவர் இருக்குற குழியில "கம்மி"ங்கற பேச்சுக்கு அர்த்தம் இல்ல. அந்த வாயு நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா புடிச்சுக்கும், ஆக்சிஜன் ஏற இடமே இருக்காது. தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, கால் தொவண்டு போறது, இவ்வளவுதான் அறிகுறி, வெயில்னு நெனைச்சுக்குவாங்க. ஏணிப்படி ஏற கால்ல தெம்பு இருக்காது.

சைலென்சர்ல ஹோஸ் மாட்டி புகையை மேல விட்டுட்டோம்னு சிலபேரு சொல்றாங்க. ஜாயின்ட்ல கசியும், சூட்டுல ஹோஸ் உருகும், அதை நம்பி இறங்காதீங்க. கிணத்து மேட்டுலயே என்ஜினோ ஜெனரேட்டரோ கம்ப்ரசரோ ஓடுனாலும் காத்து அடிக்கிற திசையப் பொறுத்து புகை உள்ள போகும், அதனால தள்ளி வைங்க, காத்து கிணத்துல இருந்து என்ஜின் பக்கமா வீசணும்.

மாத்து வழின்னா கரண்ட் இருக்குற இடத்துல சப்மெர்சிபிள், அது தண்ணிக்குள்ளயே மூழ்கி தள்ளும், புகையே இல்ல. கரண்ட் இல்லன்னா ஜெனரேட்டரை மேல தூரமா வெச்சு சப்மெர்சிபிளை ஓட்டலாம், சோலார் பம்பும் இருக்கு. ஏற்கனவே உள்ள என்ஜின் ஓடி நின்னுருச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னு பாக்க உடனே இறங்கறது இருக்கே, அதான் மோசம். ஆக்சிஜன் தீந்து போயிதான் என்ஜின் நின்னுருக்கலாம். என்ஜினுக்கே காத்து பத்தல, உங்களுக்கு எப்படி பத்தும்?

ஒருத்தர் உள்ள மயங்கி விழுந்துட்டார். மேல நாலு பேரு இருக்கோம். என்ன செய்யணும்?

யாரும் இறங்கக்கூடாது. அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, பெத்த மகனா இருந்தாலும் சரி. சொல்றது சுலபம்னு தெரியும், கண்ணு முன்னாடி ஆளு கெடக்கறப்ப காலு தானா போகும், அதனாலதான் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சு வைங்கன்னு சொல்றேன். அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986லயே சொல்லியிருக்கு, இந்த மாதிரி அடைபட்ட இடத்துல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்க.

நம்ம நாட்டுலயும் அதேதான். 2025 ஏப்ரல் 3ஆம் தேதி மத்தியப் பிரதேசம் கண்ட்வா பக்கத்துல கோண்டாவத்ங்கற கிராமத்துல கண்கௌர் திருவிழாவுக்கு சிலை கரைக்கறதுக்காக கிணத்தை சுத்தம் பண்ண இறங்கி 8 பேர் போயிட்டாங்க. சத்தீஸ்கர்ல 2024 ஜூலை 5, ஜாஞ்ச்கிர் சாம்பா மாவட்டம் கிகிர்தா, கிணத்துக்குள்ள விழுந்த மரக்கட்டையை எடுக்க ஒருத்தர் இறங்கினார், அவர் பின்னாடி ஒவ்வொருத்தரா, மொத்தம் 5 பேர். ஒரு மரக்கட்டைக்காக.

சரி, அப்ப என்ன செய்யலாம்? ஒருத்தர் உடனே 101க்கோ 112க்கோ போன் பண்ணி "கிணத்துல விஷவாயு, ஆளு மயங்கிட்டார், மூச்சுக்கருவி வேணும்"னு தெளிவா சொல்லுங்க, 108க்கும் சொல்லுங்க. தீயணைப்புக்காரங்க முதுகுல காத்து சிலிண்டர் கட்டிகிட்டு இறங்குவாங்க, அந்த செட்டைக் கொண்டு வரணும்னா விஷயத்தை போன்லயே சொல்லியாகணும், வெறும் "கிணத்துல விழுந்துட்டார்"னு சொன்னா கயிறும் ஏணியும் மட்டும் வந்தாலும் வரும். ஒருத்தர் மெயின் ரோட்டுக்குப் போயி நின்னு வண்டிக்கு வழி காட்டணும், தோட்டத்து வழி ஜிபிஎஸ்ல கிடைக்காது. உள்ள என்ஜின் ஓடுனா மேல இருந்தே நிறுத்த முடியுமான்னு பாருங்க. காத்து ஊதற மெஷின், கம்ப்ரசர், எது கைக்கு கிடைச்சாலும் ஹோஸை அவரு மூஞ்சி பக்கம் வர்ற மாதிரி இறக்கி விடுங்க. மேல இருந்து கூப்பிட்டுகிட்டே இருங்க, நெனப்பு இருந்தா கயித்தை விட்டு புடிக்கச் சொல்லுங்க. ஏற்கனவே அவரு இடுப்புல கயிறு இருந்தா எல்லாரும் சேந்து இழுங்க, அடிபட்டாலும் பரவால்ல.

மூச்சை அடக்கிகிட்டு போயி கயித்தைக் கட்டிட்டு வந்துட்டா?

40 அடி இறங்கணும், 60 கிலோ ஆளைப் புரட்டணும், முடிச்சுப் போடணும், திரும்ப 40 அடி ஏறணும். நடுவுல ஒரு மூச்சு எடுத்துட்டா போச்சு, எடுக்காமலும் இருக்க முடியாது.

ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டா? மாஸ்க் போட்டா?

துணி, என்95 இதெல்லாம் தூசிக்கு, வாயுவைத் தடுக்காது. ஃபில்டர் டப்பா வெச்ச கேஸ் மாஸ்க்கும் கிணத்துல உதவாது, ஏன்னா அது காத்தை வடிகட்டத்தான் செய்யும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. சொந்தமா காத்து சிலிண்டர் உள்ள கருவி, இல்லன்னா மேல இருந்து குழாய் வழியா நல்ல காத்து வர்ற கருவி, இது ரெண்டு மட்டும்தான், அதுவும் பழக்கப்பட்ட ஆளு போடணும்.

வேப்பங்கொழையைக் கட்டி மேலயும் கீழயும் ஆட்டறது, தண்ணி ஊத்தறது, இதெல்லாம் சும்மாவா?

சும்மா இல்ல, காத்து கொஞ்சம் கலங்கும். ஒன்னுமே செய்யாததுக்கு அது தேவலாம், மேல நிக்கறவங்க கைக்கு ஒரு வேலையாவும் இருக்கும். ஆனா எவ்வளவு கலங்குச்சு, எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை நம்பி இறங்கறது தப்பு.

ஆக்சிஜன் சிலிண்டரை உள்ள திறந்து விட்டா நல்லதுதானே?

வேணாம். ஆக்சிஜன் அதிகமான காத்துல துணி, கிரீஸ், முடி எல்லாம் ஒரு சின்ன பொறிக்கே குப்புனு பத்திக்கும், மீத்தேனும் இருந்துட்டா கேக்கவே வேணாம். ஊத வேண்டியது சாதாரண காத்துதான்.

சரி, கிணத்துல இறங்கித்தான் ஆகணும்னா முறையா எப்படி இறங்கறது?

மொத கேள்வி, இறங்கித்தான் ஆகணுமா? சேறு அள்ள கிரேன்ல கிராப் மாட்டி மேல இருந்தே அள்ளலாம், மோட்டாரை செயின் கட்டி மேல இருந்தே தூக்குற மாதிரி மொதல்லயே மாட்டி வெச்சுட்டா அடுத்த தடவை இறங்கற வேலையே இல்ல. வாளி விழுந்துச்சுன்னா பாதாளக்கரண்டி எதுக்கு இருக்கு?

இறங்கியே ஆகணும்னா காத்து ஊதணும், அதுவும் அடி வரைக்கும் டக்ட் குழாய் விட்டு ஊதணும், மேல டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சா ஒன்னும் ஆகாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, 20 அடி விட்டம், 50 அடி ஆழம் உள்ள கிணத்துல சுமார் 15,700 கன அடி காத்து இருக்கு. நிமிஷத்துக்கு 1,500 கன அடி தள்ளுற புளோயர் வெச்சாலே ஒரு தடவை மாத்த 10 நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுவும் பழசும் புதுசும் கலந்துதான் வெளிய போகும்ங்கறதால ஒரு தடவை பத்தாது, பல தடவை மாத்தணும். அப்புறம் ஆளு உள்ள இருக்குற நேரம் பூரா புளோயர் ஓடிகிட்டே இருக்கணும், "காத்து விட்டாச்சு, ஆஃப் பண்ணு, டீசல் வேஸ்ட்"ங்கற பேச்சு கூடாது. புளோயர் காத்து இழுக்குற வாய் என்ஜின் புகை பக்கம் இருந்துச்சுன்னா நீங்களே விஷத்தை உள்ள தள்ளறீங்க, அதையும் பாத்துக்கோங்க.

நாலு வாயு மீட்டர்னு ஒன்னு வருது, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, தீப்பிடிக்கிற வாயு நாலையும் காட்டும். கார்பன் டை ஆக்சைடை நேரடியா காட்டாது, ஆக்சிஜன் அளவு கொஞ்சம் கொறைஞ்சா அதையே எச்சரிக்கையா எடுத்துக்கணும். தனி ஆளு வாங்கறதுக்கு வெல ஜாஸ்திதான், ஒத்துக்கறேன், ஆனா கிணறு வேலையே தொழிலா செய்யற டீம் ஒன்னு வாங்கி வெச்சுக்கலாம், உழவர் குழுவா சேந்தும் வாங்கலாம். கயித்துல கட்டி மேல, நடு, அடி மூணு இடத்துலயும் பாக்கணும், ஒவ்வொரு இடத்துலயும் ஒன்னு ரெண்டு நிமிஷம் நிறுத்தணும், ஏன்னா ரீடிங் வர நேரம் எடுக்கும். இறங்கறவர் அதை சட்டையில மாட்டிகிட்டே இறங்கணும்.

அப்புறம் கயிறு. இது மட்டும் செலவே இல்லாதது, இதையே யாரும் செய்யறது இல்ல. இறங்கறதுக்கு முன்னாடி ஆளு மேல ஹார்னஸ் (உடம்புல மாட்டுற பாதுகாப்பு வார்), அது இல்லன்னா நெஞ்சுக்கும் ரெண்டு தோளுக்கும் சுத்தி கயிறு, அதோட மறுமுனை மேல கப்பி வழியா ரெண்டு மூணு ஆளு கையில. இறங்குன அப்புறம் கட்டலாம்னா கட்டறதுக்கு ஆளு நெனப்புல இருக்க மாட்டார். மேல நிக்கறவங்க டீ குடிக்கப் போகக்கூடாது, உள்ள இருக்கறவரோட பேசிகிட்டே இருக்கணும். பதில் தாமதமா வந்தாலோ உளறுனாலோ கேக்காம இழுத்துரணும்.

கிணத்தை ஆழப்படுத்த வெடி வெச்சோம். எப்ப இறங்கலாம்?

வெடிக்கு அப்புறம் உள்ள கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் நிக்கும். பழுப்பு கலர் புகை தெரிஞ்சா அது நைட்ரஜன் டை ஆக்சைடு, நொரையீரலை அரிக்கும். புகை கண்ணுக்கு தெரியல, அதனால போயிருச்சுன்னு நெனைக்காதீங்க, மோனாக்சைடு கண்ணுக்கே தெரியாது, ஒடைஞ்ச பாறைக் குவியல்ல சிக்கி இருந்துட்டு கல்லை அள்ள அள்ள வெளிய வரும். பாறை வெடிப்பு வழியா பக்கத்துக் கிணத்துக்கும் போகலாம், அங்க யாராச்சும் இருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க. நல்லா ஊதி, மீட்டர்ல பாத்துட்டுதான் இறங்கணும்.

கோபர் கேஸ் தொட்டி, சாணக்குழி திறந்தவெளிதானே, அதுல என்ன ஆபத்து?

மேல திறந்திருக்கு, சரி. அடியில இருக்குறது? சாண வாயுவுல 55, 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சூண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்தக் கொஞ்சூண்டே ஆளுக்குப் போதும், குழம்பைக் கலக்குற நேரத்துல ஒரேயடியா கெளம்பி வரும்.

மகாராஷ்டிராவுல அகமத்நகர் (இப்ப அகில்யாநகர்) மாவட்டம் நெவாசா தாலுகா வாக்டி கிராமத்துல 2024 ஏப்ரல்ல நடந்ததை தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பழைய கிணறு, அதை சாணம் போடற கோபர் கேஸ் குழியா மாத்தி வெச்சிருந்தாங்க, அதுல ஒரு பூனை விழுந்துருச்சு. பூனையைத் தூக்க ஒருத்தர் இறங்க, அவரைத் தூக்க அடுத்தவர்னு 6 பேர் போனதுல 5 பேர் செத்துட்டாங்க. பொழைச்ச ஒருத்தர் இடுப்புல கயிறு கட்டிகிட்டு இறங்கினவர். மேல இருந்தவங்க இழுத்துட்டாங்க. வேற எந்த வித்தியாசமும் இல்ல.

இது படிக்காதவங்க செய்யற தப்புன்னு நெனைக்க வேணாம். அமெரிக்காவுல விர்ஜீனியா மாநிலத்துல 2007 ஜூலையில ஒரு மாட்டுப்பண்ணை சாணக்குழியில பைப் அடைப்பு எடுக்க இறங்கின பண்ணைக்காரரும், வேலையாளும், மனைவியும், ரெண்டு பொண்ணுங்களும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போயிட்டாங்க.

செப்டிக் டேங்க்?

பாதுகாப்புக் கருவி இல்லாம அதுல ஆளை இறக்கறது சட்டப்படி குத்தம், கையால மலம் அள்ளுற வேலையைத் தடுக்கற 2013 சட்டம். தோட்டத்து வீடானாலும் பண்ணை வீடானாலும் யாரையும் இறங்கச் சொல்லாதீங்க, லாரி வெச்சு உறிஞ்சுங்க.

நெல்லுக்கு வண்டு புடிக்காம மாத்திரை வைக்கிறோம், அதுவும் விஷவாயுவா?

அதுதான் இருக்கறதுலயே மோசம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காத்துல இருக்குற ஈரம் பட்டவுடனே பாஸ்பீன்ங்கற வாயுவா மாறும், 3 கிராம் மாத்திரை ஒன்னு சுமார் 1 கிராம் வாயுவை விடும். இதுக்கு மாத்து மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில உடம்பைத் தாங்கிப் பிடிச்சு பாக்க முடியும், அவ்வளவுதான். பூண்டு வாசம், மீன் நாத்தம் மாதிரி அடிக்கும், ஆனா வாசம் வரலன்னா இல்லன்னு நம்பக் கூடாது.

நம்ம ஊர்ல பண்ற தப்பு, மூட்டை அடுக்குன ரூம்ல மாத்திரையை வெச்சுட்டு பக்கத்து ரூம்லயோ, அதே ரூம்லயோ படுத்துக்கறது. கதவு சந்துலயும் ஓட்டு இடுக்குலயும் வாயு வந்துரும், புள்ளைங்கதான் மொதல்ல பாதிக்கப்படும், வாந்தி வயித்துவலின்னு ஆரம்பிக்கறதால சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனைச்சுருவாங்க. ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல வாந்தி வந்தா, வீட்டுல மாத்திரை வெச்சிருந்தா, அதை டாக்டர்கிட்ட மொத வார்த்தையா சொல்லுங்க. மாத்திரை மேல தண்ணி ஊத்தி அணைக்கறேன்னு போகாதீங்க, தண்ணி பட்டா இன்னும் வேகமா வாயு வரும், தீயும் புடிக்கும். எல்லாரையும் வெளிய கூட்டிட்டு கதவு ஜன்னலைத் திறந்து விடுங்க.

உண்மையில இந்த மாத்திரை அரசு அமைப்புங்களுக்கும் அனுமதி வாங்கின பூச்சி ஒழிப்பு ஆளுங்களுக்கும் மட்டும்தான் விக்கணும்னு விதி, 10, 20 மாத்திரை அடங்குன ட்யூப் டப்பாவையே தடை பண்ணிட்டாங்க. கடையில சில்லறையா கிடைக்குதுன்னா அது கடைக்காரர் செய்யற தப்பு. வீட்டு நெல்லுக்கு நல்லா காயவெச்சு வேப்பிலை, நொச்சி போட்டு மூடி வைக்கறதே போதும்.

சைலேஜ் குழி?

பசுந்தீவனத்தை அமுக்கி மூடுன மொத மூணு வாரத்துல, அதுலயும் மொத மூணு நாள்ல, நைட்ரஜன் டை ஆக்சைடு வரலாம். மஞ்சள் பழுப்பா புகை தெரிஞ்சா, பிளீச்சிங் பவுடர் மாதிரி காரமா அடிச்சா கிட்ட போகாதீங்க. மூச்சுத் திணறல் அன்னிக்கே வராம ஒரு நாள் கழிச்சும் வரும்.

மருந்தடிக்கறப்ப மயக்கம் வர்றதும் இதேதானா?

வேற. அது வாயு இல்ல, மருந்துத் துளியும் ஆவியும் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் போறது. 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்சவங்க 20 பேருக்கு மேல செத்தது இதுலதான். கண்மணி ஊசிமுனையா சுருங்கும், எச்சில், வேர்வை கொட்டும், மருந்து டப்பாவைக் கையோட எடுத்துகிட்டு ஆஸ்பத்திரி போகணும், உடுத்தியிருக்கற துணியைக் கழட்டி சோப்பு போட்டு கழுவணும். இது தனியா பேச வேண்டிய விஷயம், இங்க போதும்.

ஆளை மேல தூக்கியாச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என்ன செய்யறது?

காத்தோட்டமான இடத்துல படுக்க வைங்க, சட்டை பட்டன், பெல்ட்டைத் தளர்த்துங்க, கூட்டத்தை வெலக்குங்க. மூச்சு இல்லன்னா, இல்ல எப்பவாச்சும் ஒரு தடவை கேவுற மாதிரி மட்டும் இருந்துச்சுன்னா உடனே நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க, நெஞ்செலும்பு நடுவுல, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை. ஆள் மாத்தி ஆள் அமுக்குங்க, ரெண்டு நிமிஷத்துல கை தளர்ந்துரும். சாணக்குழி, செப்டிக் டேங்க், மாத்திரை விஷயத்துல வாயோட வாய் வெச்சு ஊதாதீங்க, அவரு மூச்சுல வர்றது உங்களுக்கும் ஏறலாம், நெஞ்சை அமுக்கறது மட்டும் போதும். மூச்சு இருந்து நெனப்பு இல்லன்னா ஒருக்களிச்சு படுக்க வைங்க. கிணத்துல விழுந்தவர்னா கழுத்து முதுகு எலும்பு ஒடைஞ்சிருக்கலாம், முடிஞ்ச வரைக்கும் கழுத்தை ஆட்டாம தூக்குங்க.

தண்ணி, மோர், எலுமிச்சை, சோடா எதுவும் மயக்கத்துல இருக்கறவர் வாயில ஊத்தாதீங்க, நொரையீரலுக்குள்ள போயிரும்.

ஆக்சிமீட்டர்ல 98 காட்டுது, ஆளும் முழிச்சுட்டார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?

கூடாது. கொரோனா காலத்துல எல்லார் வீட்டுக்கும் வந்த அந்த விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டருக்கு கார்பன் மோனாக்சைடு புடிச்ச ரத்தத்துக்கும் ஆக்சிஜன் புடிச்ச ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ள ஆளு திணறிகிட்டு இருப்பார், மெஷின் 98னு காட்டும். ரத்தம் எடுத்து கார்பாக்ஸி ஹீமோகுளோபின் (மோனாக்சைடு புடிச்ச ஹீமோகுளோபின்) அளவு பாத்தாத்தான் தெரியும். சாதா காத்துல அந்த விஷம் பாதியா கொறைய நாலஞ்சு மணி நேரம் ஆகும், மாஸ்க் வெச்சு முழு ஆக்சிஜன் குடுத்தா ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும், அதனால ஆஸ்பத்திரியில இருக்கணும். என்ஜின் புகைன்னு டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்.

வீட்டுக்கு வந்தப்புறமும் ஒரு மாசம் கவனிங்க. சிலருக்கு நல்லா ஆயிட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறதி, தள்ளாட்டம், சம்பந்தமில்லாம கோவம் வர்றதுன்னு தொடங்கும். குடிச்சிருக்கார்னு திட்டாம நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

எங்க ஊர்ல ஒரு கிணறு காவு வாங்குற கிணறுன்னு சொல்றாங்க, ரெண்டு தடவை ஆளு செத்துருக்காங்க

அதே கிணறு, அதே சேறு, அதே வாயு, அதான் ரெண்டாவது தடவையும். முனி இருக்குன்னு நம்பி யாரும் இறங்காம இருந்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. பூசை போட்டாச்சு, இனி இறங்கலாம்னு சொல்றப்பதான் சண்டை.

நான் கூலி ஆளு. தோட்டத்துக்காரர் இறங்குன்னா இறங்கித்தானே ஆகணும்?

நேரா முடியாதுன்னு சொல்ல எல்லாராலயும் முடியாது, அடுத்த நாள் வேலை இருக்காது. அதனால முடியாதுன்னு சொல்லாம கேளுங்க, "அண்ணே, புளோயர் எப்ப வருது? கயிறு புடிக்க மூணு ஆளு வேணும்ணே, சொல்லிட்டீங்களா?"ன்னு. கூட வர்ற ஆளுங்க எல்லாரும் அதையே கேட்டா அவருக்கும் யோசனை வரும். தோட்டத்துக்காரங்களுக்கும் சொல்றேன், புளோயர் வாடகையை பாத்து தயங்காதீங்க, ஆளு போயிட்டா உங்க மேலதான் கேஸ் வரும்.

செத்துப் போயிட்டா குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

மொதல்ல போலீஸ்ல புகார் குடுத்து எஃப்ஐஆர் போடணும், போஸ்ட்மார்ட்டம் கட்டாயம் பண்ணணும். "பாடியை அறுக்க வேணாம், சீக்கிரம் எடுத்துரலாம்"னு சொந்தக்காரங்களோ தோட்டத்துக்காரங்களோ அவசரப்படுத்துவாங்க, ஒத்துக்காதீங்க, அந்த ரெண்டு பேப்பர் இல்லன்னா பின்னாடி எந்த ஆபீஸ்லயும் பேச முடியாது. அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தா விபத்து மரண உதவிக்கு தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கணும், முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு கலெக்டர் மூலமா கேக்கலாம், கூலிக்கு வெச்ச ஆளுன்னா தொழிலாளர் இழப்பீட்டுக்கு தொழிலாளர் துறையில வழக்கு போடலாம், பஞ்சாயத்துல பேசி வாங்குன பணத்துக்காக வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து போட்டுறாதீங்க. பாதாள சாக்கடையில செத்தா 30 லட்சம்னு சுப்ரீம் கோர்ட் 2023ல சொன்னதைக் கேட்டுட்டு பலபேரு தோட்டத்துக் கிணத்துக்கும் அது வரும்னு நெனைக்கிறாங்க, அது சாக்கடை வேலைக்கான தீர்ப்பு, விவசாயக் கிணத்துக்கு அதை வெச்சு கேக்க முடியாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல வக்கீல் இலவசமா கிடைப்பார், மனு எழுதறதுக்கு முன்னாடியே அங்க ஒரு தடவை போயிட்டு வாங்க.